நாற்காலியில் சிக்கிய இடுப்பு

2022 மார்ச்சில் தோஹாவில் 114 நாட்டினர் ஒன்றாக அமர்ந்து யோகா செய்தது கின்னஸ் சாதனையாகப் பதிவானது. அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று நியூயார்க்கில் ஐ.நா. வளாகத்தில் 135 நாட்டினர் கூடி அதை முறியடித்தார்கள் என்றாலும், வளைகுடாவைப் பொறுத்தவரை தோஹாவில் நடந்தது சின்ன விஷயமில்லை. சவூதி அரேபியா யோகாவை ஒரு விளையாட்டு நடவடிக்கையாக அங்கீகரித்ததே 2017 நவம்பரில்தான். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த நூஃப் அல்மர்வாய்க்கு 2018-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 2025-ல் அதே விருது குவைத்தில் யோகா ஸ்டூடியோ தொடங்கிய ஷேக்கா ஏ.ஜே. அல் சபாவுக்குப் போனது. துபாயில் 2017-லிருந்து ஆண்டுதோறும் 30 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று நகரத்தையே உடற்பயிற்சிக்கு அழைக்கிறார்கள். அதில் யோகாவுக்கும் இடம் உண்டு. அனுமதி கிடைத்துவிட்டது, விருது கிடைத்துவிட்டது, கூட்டமும் சேர்கிறது. இனிக் கேட்க வேண்டியது, சேர்ந்த கூட்டத்துக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான். இந்த இரண்டு கேள்விகளையும் உடம்பின் ஒரே ஓர் இடத்தை வைத்துக் கேட்கலாம்: இடுப்பு.

யோகா வகுப்புகளில் இன்று அதிகம் விலைபோகும் சொற்களில் ஒன்று 'ஹிப் ஓப்பனிங்'. இடுப்பைத் திறக்க வேண்டும், திறந்தால் உடல் இலகுவாகும், உள்ளே அடைபட்ட மனச்சுமைகூட வெளியேறும் என்று சொல்லப்படுகிறது. என் வாதம் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. இடுப்பில் திறப்பதற்கு எதுவும் பூட்டிக் கிடக்கவில்லை. நாள் முழுக்க ஒரே நிலையில் வைக்கப்பட்டதால் அது தன்னுடைய அசைவுகளை மறந்திருக்கிறது, அவ்வளவே. யோகா அந்த அசைவுகளையும் அவற்றைத் தாங்கும் வலுவையும் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் அது பெரிய உதவி. காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதும், சம்மணத்தைப் பத்மாசனமாக முறுக்குவதும் அந்த வேலையைச் செய்வதில்லை. சில உடல்களில் கெடுக்கவும் செய்கின்றன.

முதலில் எலும்புகள். இடுப்பு என்பது ஒற்றை எலும்பல்ல, ஒரு வளையம். இரு பக்கமும் ஒவ்வோர் இடுப்பெலும்பு. அந்த ஒவ்வொன்றும் குழந்தைப் பருவத்தில் மூன்று தனி எலும்புகளாக இருந்து பதின்ம வயதில் ஒன்றாகக் கூடியது. பின்பக்கம் ஐந்து முள்ளெலும்புகள் இறுகிச் சேர்ந்த திரிக எலும்பு, அதன் நுனியில் வால் எலும்பு. தலை, கைகள், நெஞ்சு, வயிறு ஆகியவற்றின் எடையெல்லாம் முதுகெலும்பு வழியாக இறங்கி, இந்த வளையத்தில் இரண்டாகப் பிரிந்து இரண்டு தொடை எலும்புகளுக்குப் போகிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் தரையின் உதைப்பு அதே வழியில் மேலே ஏறுகிறது. திரிக எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள மூட்டு சில பாகை மட்டுமே அசையும். அது சுமை தாங்கவே அமைந்தது, அதை யாரும் 'திறக்க' முடியாது. உண்மையான அசைவு நடப்பது தொடை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தியிருக்கும் குழியில். அந்த இரண்டு உருண்டைகளின் மேல் வளையம் முழுவதும் முன்னும் பின்னும் சாய்கிறது, பக்கவாட்டில் ஏறி இறங்குகிறது, இடவலமாகத் திரும்புகிறது. ஓர் அடி எடுத்து வைத்தாலே இந்த மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் நடந்துவிடும்.

குனிவதை எடுத்துக்கொள்வோம். நின்றபடி கீழே கிடக்கும் பொருளை எடுக்கக் குனியும்போது, அந்த வளைவு முதுகிலிருந்து வரலாம், அல்லது இடுப்பு வளையமே தொடைத் தலைகளின் மேல் முன்னோக்கிச் சாய்வதிலிருந்து வரலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். பின்தொடைத் தசைகள் தொடங்குவது இடுப்பின் அடியிலுள்ள, நாம் உட்காரும்போது தரையில் படும் எலும்புகளிலிருந்துதான். அந்தத் தசைகள் நீளத் தயங்கினால் அவை இடுப்பைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்திவிடும். மீதி வளைவையெல்லாம் கீழ்முதுகு செய்து முடிக்க வேண்டியதாகிவிடும். பச்சிமோத்தானாசனத்தில் மூக்கு முட்டியைத் தொட்டுவிட்டது என்று மகிழ்கிறவர்களில் எத்தனை பேருக்கு இடுப்பு நகர்ந்தது, எத்தனை பேருக்கு முதுகு மட்டும் கூன்போட்டது என்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உடனே தெரியும். பல வகுப்புகளில் ஆசிரியர் முன்னால் மேடையில் இருக்கிறார், பக்கவாட்டில் இல்லை. அடியில் ஒரு மடித்த கம்பளத்தை வைத்து உட்காருவது, முட்டியைச் சற்று மடிப்பது என்ற இரண்டு சின்னத் திருத்தங்களிலேயே இடுப்பு விடுபட்டு முன்சாயும். ஆனால் அப்படிச் செய்தால் ஆசனம் படத்தில் இருப்பதுபோல் தெரியாது.

வளைகுடா வாழ்க்கை இந்த அசைவுகளை எப்படிக் கழற்றி வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஷார்ஜாவில் வீடு, துபாயில் வேலை என்றால் அல் இத்திஹாத் சாலை நெரிசலில் கார் இருக்கை, பிறகு அலுவலக நாற்காலி, மறுபடி கார், வீட்டில் சோபா. ஆண்டில் ஐந்து மாதத்துக்கு மேல் பகலில் வெளியே நடக்க முடியாத வெயில். மால்தான் நடைபாதை. இடுப்பு மூட்டு கிட்டத்தட்ட 90 பாகையில் மடிந்து, வளையம் பின்னோக்கிச் சரிந்து, பின்புறத் தசைகள் வேலையின்றிக் கிடக்கும் ஒரே கோலம். சிக்கல் உட்காருவதில்தான் இருக்கிறதா என்று கேட்டால், முழுக்க அதில் இல்லை. தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தைப் பற்றி 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களும் ஒரு நாளில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓய்வில் கழிக்கிறார்கள் என்று காட்டியது. ஆனால் அந்த ஓய்வில் பெரும்பங்கு குத்த வைத்தும், மண்டியிட்டும், தரையில் அமர்ந்தும் கழிகிறது. குத்த வைக்கும்போதும் மண்டியிடும்போதும் கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிடக் கூடுதலாக வேலை செய்கின்றன. ஆக, ஓய்வெடுக்கும் நேரத்தைவிட ஓய்வெடுக்கும் கோலமே இடுப்புக்கு முக்கியம் என்று கொள்ள இடமிருக்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. தரையில் அமர்வது வளைகுடாவுக்குப் புதிதல்ல. விருந்தினர் கூடும் மஜ்லிஸ் மரபை ஐக்கிய அரபு அமீரகம், சவூதி, ஓமன், கத்தார் நான்கும் சேர்ந்து முன்வைக்க, 2015-ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாழ்வான மெத்தைகளில் சாய்ந்தும் காலை மடித்தும் அமர்வது அந்த மரபின் உடல்மொழி. அதைவிடப் பெரியது தொழுகை. ஐந்து வேளையின் கடமையான ரக்அத்துகள் 17. ஒவ்வொன்றிலும் ஒரு ருகூ, இரண்டு ஸஜ்தா. ஒழுங்காகத் தொழுகிறவர் தினமும் 17 முறை இடுப்பிலிருந்து முன்சாய்கிறார், 34 முறை நெற்றி தரையில் பட இடுப்பை முழுதாக மடிக்கிறார், இடையில் குதிகால் பக்கமாக அமர்ந்து எழுகிறார். தொழுகையும் யோகாவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை; அப்படிச் சொன்னால் இரண்டையும் மதிக்காததாகிவிடும், தொழுகிறவர் அதை உடற்பயிற்சியாகவும் செய்வதில்லை. இடுப்பு என்ற உறுப்பு தினமும் இத்தனை முறை தரைவரை போய்வர அமைந்தது என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இருந்தும் யோகாவுக்கு இங்கே எதிர்ப்பு வருகிறது. 2022 பிப்ரவரியில் குவைத்தில் பாலைவனத்தில் பெண்களுக்கென்று திட்டமிட்ட ஒரு யோகா முகாம், பழமைவாத நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் எதிர்ப்பால் நிறுத்தப்பட்டது. எதிர்த்தவர்களின் மனத்தடையை ஏளனம் செய்து பயனில்லை. மந்திரமும் சின்னங்களும் இன்றி, இடுப்பையும் மூச்சையும் முன்வைத்துச் சொல்லித்தரும்போது அந்தத் தடைக்கு வேலை குறையும். சவூதி அதை விளையாட்டு என்ற தலைப்பில் ஏற்றுக்கொண்ட வழியும் ஏறக்குறைய இதுவே.

தரையில் அமர்ந்து எழும் திறனுக்கு வேறொரு சான்றும் உண்டு. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2002 பேரைக் கையூன்றாமல் தரையில் அமர்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பிறகு சில ஆண்டுகள் கவனித்ததில், மதிப்பெண் குறைந்தவர்களிடையே மரணம் கூடுதலாக இருந்தது; 2012-ல் வெளிவந்தது அந்த ஆய்வு. தரையில் உட்காராததால் செத்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே நலிந்தவர்களால் எழ முடியவில்லை என்பதே எளிய விளக்கம். ஆனாலும் இடுப்பின் அசைவும் காலின் வலுவும் சமநிலையும் ஒன்றாகத் தேவைப்படும் ஒரு செயல் உடம்பின் மொத்த நிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பது கவனிக்கத் தக்கது.

சரி, அப்படியானால் 'ஹிப் ஓப்பனிங்' வகுப்பு நல்லதுதானே என்று கேட்பார்கள். இங்கேதான் எலும்பின் வடிவம் குறுக்கே வருகிறது. ஆட்டுக்கல்லில் குழியின் ஆழத்துக்கும் குழவியின் பருமனுக்கும் ஏற்பத்தான் சுற்று அமையும். இடுப்பு மூட்டும் அப்படி. ஒருவருக்குக் குழி ஆழம், இன்னொருவருக்கு ஆழமில்லை. ஒருவருக்கு அது முன்பார்த்தது, இன்னொருவருக்குப் பக்கவாட்டில். தொடை எலும்பின் கழுத்து பிறக்கும்போது 30 பாகைக்கு மேல் முன்னோக்கி முறுகியிருந்து, வளர வளரக் குறைந்து பெரியவர்களில் சராசரியாக 15 பாகைக்கு அருகில் வந்து நிற்கிறது. இந்தச் சராசரிக்கு இருபுறமும் மனிதருக்கு மனிதர் பெரிய வித்தியாசம் உண்டு. முறுக்கம் கூடியவருக்குக் கால் உள்பக்கம் நன்றாகத் திரும்பும், வெளிப்பக்கம் திரும்பாது. அவர் இருபது வருடம் முயன்றாலும் பத்மாசனம் இடுப்பிலிருந்து வராது. வற்புறுத்தினால் அந்த முறுக்கு முட்டிக்குப் போகும். முட்டி அப்படித் திரும்ப அமைந்த மூட்டல்ல. எலும்போடு எலும்பு இடிக்கும் நிலையைப் பற்றி சுவிட்சர்லாந்தின் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003-ல் விரிவாக எழுதிய பிறகு, ஆழ்ந்த மடக்கும் முறுக்கும் சேர்ந்த ஆசனங்கள் சிலருக்கு மூட்டின் விளிம்புக் குருத்தெலும்பைக் கிழிக்கக்கூடும் என்பது மருத்துவர்களுக்குப் பழக்கமான செய்தியாகிவிட்டது. 2013-ல் அமெரிக்க அறிவியல் எழுத்தாளர் வில்லியம் பிராட், நெகிழ்வு மிகுந்த பெண்கள் யோகாவில் இடுப்பைக் கெடுத்துக்கொள்வதைப் பற்றி எழுதியபோது யோகா உலகம் கோபப்பட்டது. கோபத்துக்கு நடுவிலும் எலும்பின் வடிவம் மாறவில்லை.

பத்மாசனம் மரபு ஆயிற்றே, அதைக் குறை சொல்லலாமா என்ற எதிர்வாதம் நியாயமானது, பதில் சொல்ல வேண்டியது. ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்துதான். அவற்றில் பெரும்பாலானவை தரையில் அமர்ந்து செய்பவை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் பேசும் பத்மாசனம், பத்திராசனம், சிம்மாசனம் ஆகியவையும் இருக்கைகளே. அந்த நூல்கள் யாரை நோக்கிப் பேசின என்பதை மறந்துவிடுகிறோம். அவர்கள் தரையில் உண்டு, தரையில் படுத்து, குத்த வைத்து வேலை செய்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் காலை மடித்து அமர்வது இடுப்பைத் திறக்கும் சாகசமாக இருந்திருக்காது. தியானத்துக்கு வசதியாக, ஆடாமல் உட்காரும் வழி அது. பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணமும் உறுதியும் சுகமும்தான். ஐந்து வயதில் பள்ளி பெஞ்சில் ஏறி, நாற்பது வயதில் துபாய் அலுவலக நாற்காலியில் இருக்கும் கணக்காளருக்கு அதே இருக்கையை இலக்காக வைப்பது, நூலின் சொல்லைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தை விடுவது. மரபுக்குள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. மைசூரிலிருந்து வந்து சென்னையில் நிலைத்த கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக் கற்பித்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரி யோக மந்திரம் அந்த வழியையே வளர்த்தது. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் கட்டையும் கயிறும் நாற்காலியும் கொண்டுவந்து, உடலை நோக்கி ஆசனத்தை நகர்த்தினார். 'ஓப்பனிங்' வகுப்பு இந்த மூவருக்கும் பிள்ளையில்லை.

மறுபக்கமும் ஒரு மூடநம்பிக்கை வளர்ந்திருக்கிறது. இடுப்பு முன்சாய்ந்தால் தவறு, அதைத் திருத்தினால் முதுகுவலி போகும் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் கண்ணாடி முன் நிறுத்தி அளக்கிறார்கள். இங்கிலாந்தில் வலியே இல்லாத 120 பேரை அளந்து 2011-ல் வெளியான ஆய்வில், ஆண்களில் 85 சதவீதம் பேருக்கும் பெண்களில் 75 சதவீதம் பேருக்கும் இடுப்பு முன்சாய்ந்தே இருந்தது. நலமாக இருப்பவர்களில் பெரும்பான்மையோரிடம் இருப்பதை நோய் என்று அழைக்க முடியாது. எனவே நான் 'சரியான கோணம்' ஒன்றைப் பரிந்துரைக்கவில்லை. முன்சாயவும், பின்சாயவும், இரண்டுக்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் சுமையோடு நிற்கவும் தெரிந்த இடுப்புதான் வேண்டும். நாற்கால் நிலையில் முதுகை வளைத்து நிமிர்த்தும் மார்ஜாரி ஆசனமும், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தமும், நாற்காலியைப் பிடித்தபடி பாதி குத்த வைப்பதும் இதைக் கற்றுத்தரும். எதுவும் புகைப்படத்துக்கு எடுப்பாக இருக்காது.

இதற்கெல்லாம் சான்று எவ்வளவு வலுவானது? மிகைப்படுத்த விரும்பவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில், பெரும்பாலும் வருமானம் குறைந்த 320 பேரை வைத்து நடந்து 2017-ல் வெளியான சோதனையில், நாட்பட்ட முதுகுவலிக்கு யோகா பிசியோதெரபிக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-ல் புதுப்பித்த தொகுப்பு 21 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகாவால் கிடைக்கும் பலன் சிறியது என்றது. சிலருக்கு முதுகுவலி கூடியதையும் குறித்தது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில் யோகாவும் சாதாரண ஸ்ட்ரெச்சிங் வகுப்பும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன. இடுப்பின் அடித்தளத் தசைகளைப் பற்றியும் இதே கதை: சிறுநீர் கசிவுள்ள 240 பெண்களுக்கு, இடுப்பை மையமாக வைத்த யோகாவோ பொதுவான உடற்பயிற்சியோ 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2024-ல் வந்த முடிவு, இரு குழுவிலும் கசிவு நன்றாகவே குறைந்தது, வித்தியாசம் சொற்பம். அப்படியானால் யோகாவே எதற்கு என்று ஒருவர் கேட்டால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆசனத்தின் பெயரில் மந்திர சக்தி இல்லை, முறையாக அசைவதில் பலன் இருக்கிறது என்பதைத்தான் இந்த ஆய்வுகள் சொல்கின்றன. அது என் வாதத்துக்குத் துணையே. யோகாவின் தனிச் சிறப்பு வேறு: கருவி வேண்டாம், அறை வேண்டாம், ஓர் ஆள் நீளத் தரை போதும். மூச்சோடு சேர்த்துச் செய்வதால் இடுப்பின் அடித்தளமும் பழகுகிறது. மூச்சை இழுக்கும்போது உதரவிதானத்தோடு அந்தத் தளமும் இறங்குகிறது, விடும்போது ஏறுகிறது. நாள் முழுக்க அதை இறுக்கிப் பிடிப்பதே மூலபந்தம் என்று சொல்லித்தருபவர்களிடம் எச்சரிக்கை தேவை. விடத் தெரியாத தசையும் பலவீனமான தசைதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: இது யாருக்குப் போகிறது? வளைகுடாவில் இடுப்பை அதிகம் தேய்ப்பவர்கள் ஸ்டூடியோவுக்கு வருபவர்கள் அல்ல. பைக்கில் உணவு கொண்டுபோகும் டெலிவரி இளைஞர்கள், டாக்ஸியிலும் டிரெய்லரிலும் மணிக்கணக்கில் அதிர்வோடு அமர்ந்திருக்கும் ஓட்டுநர்கள், சைட்டில் கம்பி கட்டக் காலை முதல் மாலை வரை இடுப்பை மடித்தே நிற்கும் ஸ்டீல் ஃபிக்ஸர்கள், பிறர் வீட்டில் தரை துடைத்துக் குழந்தை தூக்கும் பெண்கள். சோனாப்பூர், அல் கூஸ், முசஃபா தொழிலாளர் கேம்ப்களில் தமிழ் கேட்காத கட்டடம் அரிது. அறைக்குத் திரும்பினால் இவர்களுக்கு உட்கார இருப்பது பங்க் பெட்டின் கீழ்த்தட்டு. மேல் தட்டு இடிக்காமலிருக்க அங்கேயும் கூன்போட்டுத்தான் அமர வேண்டும். நாளெல்லாம் உழைக்கிறவனுக்கு இதற்குமேல் உடற்பயிற்சி எதற்கு என்பது வழக்கமான கேள்வி. உழைப்பு வேறு, அசைவின் வகை வேறு. கம்பி கட்டுபவரின் இடுப்பு நாளில் ஆயிரம் முறை ஒரே பக்கமாக மடிகிறது. அவருக்கு வேண்டியது எதிர்ப்பக்கம், அதாவது இடுப்பை நீட்டி நிமிர்த்தும் அசைவு. ஓட்டுநருக்கும் அதுவே.

அடுத்த எதிர்வாதம் கூர்மையானது: இதைச் சொல்லிக் கம்பெனிகள் தப்பித்துக்கொள்ளாதா? தப்பிக்கும் ஆபத்து உண்மை. பாரம் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி தடுக்கப்படுகிறது என்பதற்குச் சான்றில்லை என்று 2011-லேயே காக்ரேன் தொகுப்பு சொன்னது. "முட்டியை மடக்கு, முதுகை நேராக வை" என்று சுவரில் ஒட்டிய போஸ்டர் ஐம்பது கிலோ மூட்டையை இலகுவாக்காது. மூட்டையைப் பாதியாக்குவது, தள்ளுவண்டி கொடுப்பது, ஆள் கூட்டுவது, நேரம் குறைப்பது ஆகியவை முதல் மருந்து; யோகா அதற்குப் பிறகு வருவது. இந்த வரிசையை மாற்றிச் சொல்லும் எந்த 'வெல்னெஸ்' திட்டத்தையும் தொழிலாளி சந்தேகப்படுவது சரி.

அந்த வரிசையைக் காப்பாற்றிக்கொண்டே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சைட்டில் காலை வேலைக்கு முன் டூல்பாக்ஸ் டாக் என்ற பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது. எல்லோரும் நிற்கிறார்கள், ஃபோர்மேன் பேசுகிறார், தமிழிலோ இந்தியிலோ ஒருவர் மொழிபெயர்க்கிறார். அங்கே பத்து நிமிடம் நின்றபடி இடுப்பை முன்பின் சாய்ப்பது, ஒரு காலைப் பின்வைத்து இடுப்பின் முன்பக்கத்தை நீட்டுவது, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிந்து எழுவது என்று மூன்று அசைவுகள் போதும். பாய் விரிக்க வேண்டாம், பூட்ஸைக் கழற்றவும் வேண்டாம். ஓட்டுநர்களுக்கு டிப்போவில், டெலிவரிக்காரர்களுக்கு உணவகத்தின் பின்வாசலில் காத்திருக்கும் நேரத்தில். நேரம் யாருடையது என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். சர்வதேச யோகா தினமான ஜூன் 21, அந்தத் தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே வருகிறது. அந்த இரண்டரை மணி நேரம் நிழலில் படுப்பதற்கு. அதில் யோகா வகுப்பு வைத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்தப் பத்து நிமிடத்தைச் சம்பள நேரத்திலிருந்து கொடுக்கட்டும்.